ஜெயிச்சாச்சு என்று சொன்னவன்

எங்கள் ரோக்காஸ்பீனாவில் பந்தலேயோ என்பவன் தெருவில் இறங்கினால் ஊரே இரும்பைத் தேடும். சாவிக்கொத்து, கதவுத் தாழ்ப்பாள், மீன்கடைக்காரனின் எடைக்கல், கைக்கு எது எட்டுகிறதோ அதை, பீடை ஒட்டாமலிருக்க, தொட்டுக்கொள்ளும். எதுவும் எட்டாத ஆம்பளைகள் அதே காப்புக்காகக் கால்சட்டைக்கு நடுவில் கையைக் கொண்டுபோவார்கள். இதில் வெட்கம் மானம் ஒன்றும் கிடையாது. பாதிரியார்கூட ஒருநாள் அவனைப் பார்த்ததும் அங்கிக்குள் கையை விட்டார். ஜெபமாலையைத் தேடினேன் என்று அப்புறம் சொன்னார். ஜெபமாலையை அவ்வளவு கீழே யார் வைப்பார்கள் என்று கேட்க ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

இத்தனைக்கும் அவன் யார் குடியையும் கெடுத்தவன் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் பல்பு மாட்டுகிறவன். எங்கள் ஊரில் செத்தவர்களை மண்ணில் புதைப்பதில்லை. சுவரில் ஐந்தடுக்கு அலமாரி கட்டி, உள்ளே தள்ளி, பளிங்குப் பலகை வைத்து மூடிவிடுவோம். உயிரோடு இருந்தவரை மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் கிடந்தவனும் செத்தபிறகு அடுக்குமாடிக்காரன். ஒவ்வொரு பலகைக்கு முன்னாலும் ஒரு சின்ன பல்பு இரவும் பகலும் எரியும். அது அணைந்தால் சொந்தக்காரர்கள் அழுவார்கள், பந்தலேயோ சக்கரம் வைத்த இரும்பு ஏணியைத் தள்ளிக்கொண்டு வந்து புதுசு மாட்டுவான். நாள் முழுக்க இரும்பைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஒருவனைப் பார்த்துத்தான் மற்றவர்கள் ஓடிப்போய் இரும்பைப் பிடித்தார்கள். எங்கள் ஊர்ப் புத்தி அப்படி.

ஆனால் அதெல்லாம் வேலைக்காக இல்லை. எல்லாம் ஒரே ஒரு வார்த்தையால் வந்தது.

எங்கள் ஊர்க் கால்பந்து அணிக்குக் கொடியில் பின்னங்காலால் உதைக்கிற கோவேறு கழுதைப் படம். கொடியில்தான் உதைக்கும். மைதானத்தில் நின்றுகொண்டே தூங்கும். அணியின் முதலாளி உபால்தோ மெத்தைக் கம்பெனிக்காரர், அதனால் ஆட்டக்காரர்களுக்கும் படுக்கைதான் ஞாபகம் என்று பக்கத்து ஊரில் சொல்வார்கள். சேற்று மைதானங்களிலும் ஆட்டு மந்தை குறுக்கே போகிற மைதானங்களிலும் ஆடிக்கொண்டிருந்த அந்தக் கழுதைகள், எந்தப் புனிதர் கண் திறந்தாரோ, ஒரு வருஷம் முதல் டிவிஷனுக்கே ஏறிவிட்டன. எல்லா ஆட்டமும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரே நேரத்தில் நடந்த காலம் அது. மைதானத்தில் இல்லாதவன் காதில் ரேடியோவை ஒட்டிக்கொண்டு திரிவான். ஊர் மூன்று நாள் தூங்கவில்லை. கழுதை சிலைக்கு மாலை போட்டார்கள். ஒருத்தன் சந்தோஷம் தாங்காமல் தன் காரைத் தானே கடலில் தள்ளினான். அப்புறம் இழுக்க ஆள் தேடினான்.

பந்தலேயோ அன்றைக்குக் குதிக்கவில்லை. வீட்டுக்குப் போய் மனைவி நுன்சியாத்தாவிடம், "என் மெத்தையத் தோய்ச்சுப் போடு" என்றான். மெத்தை என்றால் மைதானத்துச் சிமெண்டுப் படியில் போட்டு உட்காருகிற சதுரத் திண்டு. கழுதைகள் சேற்றில் புரண்ட காலத்திலிருந்து ஒரு ஆட்டம் விடாமல் அவன் அதே படியில், அதே தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன். மழையில் பார்க்க ஏழு பேர் வந்தால் அதில் அவன் ஒருத்தன். மற்ற ஆறு பேர் மழைக்கு ஒதுங்கினவர்கள். முதல் டிவிஷன் ஆட்டத்தை அந்தப் படியில் உட்கார்ந்து பார்த்துவிட்டால் அப்புறம் அவனையே அலமாரியில் தள்ளி மூடினாலும் சரி. அவ்வளவுதான் அவன் ஆசை.

முதல் ஆட்டம். வடக்கிலிருந்து ஒரு பெரிய அணி வந்தது. அவர்களின் பூட்ஸ் விலைக்கு எங்கள் தெருவையே வாங்கலாம். அப்பேர்ப்பட்டவர்கள் மேல் கழுதைகள் இரண்டு கோல் போட்டுவிட்டன. முடிய ஏழு நிமிஷம். படியெல்லாம் ஒரே அமைதி. எங்கள் ஊர் வழக்கம் அப்படி: ஜெயிக்கப்போகிற நேரத்தில் சிரிக்கக்கூடாது, வாட்சைப் பார்க்கக்கூடாது, கோட்டு மாட்டக்கூடாது. "தோத்துருவோம், நாசமாப்போவோம், எனக்குத் தெரியும்" என்று முனகிக்கொண்டே இருக்க வேண்டும். விசில் ஊதியபிறகுதான் வாயைத் திறக்கலாம். தாய்ப்பாலோடு கற்றுக்கொள்வது இது.

பந்தலேயோவுக்கும் தெரியும். ஆனால் இத்தனை வருஷத்து மழையும் சேறும் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்து, அன்றைக்கு மூடி பிய்த்துக்கொண்டது. எழுந்து நின்றான். இரண்டு கையையும் தூக்கினான்.

"ஜெயிச்சாச்சு!"

சத்தம் கடற்கரை வரைக்கும் போனது. மைதானத்தில் காற்று நின்றது. கொடிக்கம்பத்தில் உட்கார்ந்திருந்த புறா எழுந்து போய்விட்டது. பின்படியிலிருந்து ரசிகர் சங்கத் தலைவி சாவேரியா மெதுவாக அவன் பக்கம் திரும்பினாள். பார் நடத்துகிறவள். அவள் காப்பியில் விழுந்த ஈயே பயந்து எழுந்து போய்விடும், அப்படிப்பட்ட முழி.

"இப்ப என்னடா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலியே அக்கா."

"சொன்ன. என் ரெண்டு காதாலயும் கேட்டேன்."

"நல்லா ஆடுறாங்கன்னு..."

அவன் முடிக்கவில்லை. எங்கள் வலையில் முதல் கோல் விழுந்தது. திண்டில் உட்காருவதற்குள் இரண்டாவது. மூன்றாவதை எங்கள் கோல்கீப்பர் தானே கையில் எடுத்து, முதுகுப் பக்கமாகத் தன் வலைக்குள் போட்டுக்கொடுத்தான், ஏதோ விருந்தாளிக்குக் கேக் வெட்டிக் கொடுப்பதுபோல.

அதற்கப்புறம் தோல்வியோ தோல்வி. கழுதைகள் ஆடத் தெரியாததால் தோற்கின்றன என்று ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும். ஊருக்குப் புரியவில்லை. உபால்தோ முதலாளி வழுக்கைக் கோச்சை விரட்டிவிட்டு மீசைக் கோச்சைக் கொண்டுவந்தார். மீசையும் தோற்றதும் அவரை விரட்டிவிட்டு, சம்பளம் எப்படியும் ஓடிக்கொண்டிருக்கிறதே என்று வழுக்கையையே திரும்பக் கூப்பிட்டார். நேற்றைய சூப்பை இன்றைக்குச் சூடு பண்ணுகிற மாதிரி. தண்டனை என்று ஆட்டக்காரர்களை மலைமேல் ஒரு ஓட்டலில் அடைத்துவைத்தார். அங்கே ஆட்டுக்கறி நன்றாக இருந்தது. எல்லாரும் தொப்பையோடு இறங்கி வந்தார்கள். பாதிரியார் வந்து மந்திரித்தார். முதலாளி விடியற்காலையில் மூட்டை மூட்டையாக உப்பைக் கொண்டுவந்து மைதானத்தில் தூவினார். புல் செத்தது. கழுதைகள் மறுபடி தோற்றன. இப்போது புல்லும் இல்லை.

கடைசியில் சாவேரியாவின் பாரில் பஞ்சாயத்துக் கூடியது.

"கோச்சு மாத்தியாச்சு. உப்புப் போட்டாச்சு. சாமி கும்பிட்டாச்சு. மாத்தாதது என்ன மிச்சம்?" என்றாள் சாவேரியா.

எல்லாரும் மூலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவனைப் பார்த்தார்கள்.

"என்னைய ஏன் பாக்கறீங்க? நானா கோல் விட்டேன்?"

"கோல்கீப்பர் பாவம் என்ன பண்ணுவான்? உன் நாக்கு அவன் கையப் புடிச்சு இழுத்துச்சு."

"அக்கா, அவனுக்கு வெறும் கையில ஆரஞ்சு குடுத்தாலே கீழ போடுவான்."

"பாரு, இன்னிக்கும் சாபம் விடறான்! எடுடா அந்தப் பாஸ!"

சீசன் பாஸைப் பிடுங்கி அவள் ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள். அது ஒன்றுதான் ஊரில் எந்த ஆம்பளையும் கை வைக்க முடியாத பெட்டி. தூணுக்குப் பக்கத்தில் அவன் இடம் காலியாக இருக்கக்கூடாது என்று, கண்ணேறு கழிக்கிற சிவப்புக் கொம்பு ஒன்றைச் சுண்ணாம்பில் ஆள் உயரத்துக்குச் செய்து அங்கே நட்டார்கள். பெரிய மிளகாய்ப்பழம் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அவன் இல்லாத முதல் ஞாயிற்றுக்கிழமை கழுதைகள் ஜெயித்துவிட்டன. எதிரணியில் பாதிப் பேருக்கு நத்தை தின்று வயிற்றுப்போக்கு. ஒருத்தன் பெனால்டி அடிக்க ஓடிவந்து, அப்படியே ஓடிக் கழிப்பறைக்குப் போனான். இதையெல்லாம் யார் பார்த்தார்கள்? "பாத்தியா! அவன் இல்ல, ஜெயிச்சோம்!" அவ்வளவுதான், பந்தலேயோவின் தலையெழுத்தில் ஊர் கையெழுத்துப் போட்டுவிட்டது. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் அந்த இரும்புப் பிடி.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. உபால்தோ முதலாளிக்கு வாழ்க்கையில் வந்த ஒரே யோசனை அப்போதுதான் வந்தது.

"நம்ம கூட உக்காந்தா நாம தோக்கறோம். அப்ப அவன அவனுங்க கூட உக்கார வெச்சா?"

பாரில் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். மெத்தை விற்கிற மூளையா இது!

மறு ஞாயிற்றுக்கிழமையே பந்தலேயோவை ரயிலேற்றினார்கள். எங்களோடு சேர்ந்து பட்டியலின் அடியில் தள்ளாடிக்கொண்டிருந்த அணி வல்லேகோர்த்தா. எங்களில் ஒருத்தர்தான் தப்பிக்க முடியும், மற்றவர் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். அவன் கழுத்தில் வல்லேகோர்த்தாவின் மஞ்சள் மஃப்ளரைச் சுற்றிவிட்டாள் சாவேரியா.

"அவனுங்க நடுவுல போய் உக்காரு. நல்லா மனசாரக் கத்து. 'ஜெயிச்சாச்சு'ன்னு ஒரு தடவையாவது சொல்லணும், மறந்துராத."

"எனக்கு அவனுங்க ஜெயிக்கணும்னு மனசாரத் தோணலியே."

"தோணலன்னாலும் சொல்லு. உன் நாக்குக்கு மனசு தேவையில்ல."

போனான். உட்கார்ந்தான். சொன்னான். வல்லேகோர்த்தா தோற்றது. அவர்கள் எப்படியும் வாராவாரம் தோற்கிறவர்கள்தான்; பாறையில் முட்டையைப் போட்டு உடைந்ததற்கு மந்திரவாதிக்கா பேர்? ரோக்காஸ்பீனா அப்படித்தான் பேர் கொடுத்தது. குளிர்காலம் முழுக்க, எந்த ஊர் அணி எங்களுக்கு ஒரு படி மேலே நிற்கிறதோ அந்த ஊருக்கு அவனை அனுப்பினார்கள். டென்மார்க்கிலிருந்து உபால்தோ முதலாளி கொண்டுவந்த நெட்டையன் லௌரிட்ஸ் கார் விலையில் நூறு மடங்கு விழுங்கிவிட்டு, அத்தனை மாசத்தில் ஒரே ஒரு கோல் போட்டான். பந்தலேயோ ஒரு ரயில் டிக்கெட்டுக்கும் ஒரு ரொட்டிக்கும் வாரம் ஒரு ஊரைக் கவிழ்த்தான். "இந்த சீசன்ல நான் வாங்கினதுலயே நல்ல ஆட்டக்காரன் இவன்தான்" என்று முதலாளி சொல்லிவிட்டு, இடது கையால் கார்க் கதவின் இரும்பைப் பிடித்துக்கொண்டார்.

பந்தலேயோ அங்கே பார்த்ததெல்லாம் அடுத்தவன் வீட்டுக் கல்யாணம். கத்த வேண்டியது மஞ்சளுக்கு, காதில் ஒட்டியிருந்த ரேடியோவில் ஓடுவது கழுதைகள். ஒருநாள் ரேடியோக்காரன், "ரோக்காஸ்பீனாவில் கோல்! டென்மார்க்காரர், தலையால்!" என்று கூவினான். நெட்டையன் அதுவரை போட்ட ஒரே கோல் அது. பந்தலேயோ எதிரிகளுக்கு நடுவில் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்திலிருந்த வல்லேகோர்த்தா கிழவர், "என்னப்பா, பல்வலியா?" என்று தன் கோட்டில் பாதியை அவன் தோளில் போட்டார். இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், அவனைப் பார்த்து இரும்பைத் தொடாத மனுஷர்கள் எதிரி ஊரில்தான் இருந்தார்கள். கை கொடுத்தார்கள், வைன் ஊற்றினார்கள். அவன் அவர்களைக் கவிழ்க்க வந்தவன் என்று தெரியாமல் பூரணம் அடைத்த மிளகாய் ஊட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து நுன்சியாத்தாவிடம் கேட்டான்.

"அந்தத் தலைக் கோல் எப்படிப் போச்சாம்? யாராவது சொன்னாங்களா?"

"பந்து வந்துச்சாம். தலை இருந்துச்சாம். பட்டுச்சாம்."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன வேணும் உனக்கு? அவனுக்கே தெரியாதாம், யாரோ அடிச்சாங்கன்னு திரும்பிப் பாத்தானாம்." அப்புறம் அவன் மூஞ்சியைப் பார்த்தாள். "ஏ மனுஷா, நீ கரிநாக்குன்னு நீயே நம்ப ஆரம்பிச்சிட்டியா?"

அவன் பாதி நம்பத்தான் ஆரம்பித்திருந்தான். ஊர் முழுக்கச் சேர்ந்து ஒரு ஆட்டை நாய் என்று சொன்னால், ஆடே ஒருநாள் குரைத்துப் பார்க்கும்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தது. கணக்கு ரொம்பச் சுலபம். கழுதைகள் ஜெயிக்க வேண்டும், வல்லேகோர்த்தா தோற்க வேண்டும். இரண்டும் நடந்தால் முதல் டிவிஷனில் இருப்போம். இல்லாவிட்டால் மறுபடி ஆட்டு மந்தை.

பந்தலேயோ பாருக்குப் போய்த் தொப்பியைக் கழற்றினான்.

"அக்கா, ஒரே ஒரு ஆட்டம். குளிர் ஆரம்பிச்சதுலேருந்து நம்ம பசங்க கால நான் கண்ணால பாக்கல. கீழ இறங்கிட்டா நான் சாகறதுக்குள்ள இன்னொரு முதல் டிவிஷன் வராது. வாயில துணிய அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"துணி அடைச்சா மூக்கால சொல்லுவ நீ."

"அக்கா..."

"ஊர் பெருசா, நீ பெருசா? போ, மஃப்ளர எடுத்துக்க."

ஸ்டேஷனுக்கு பாண்டு வாத்தியத்தோடு கொண்டுபோய் விட்டார்கள். போருக்குப் போகிறவனுக்குக்கூட அப்படி வாசித்ததில்லை. ஆனால் அவன் கைக்கெட்டும் தூரத்தில் ஒருத்தரும் நிற்கவில்லை. முத்தத்தைத் தூரத்திலிருந்தே ஊதினார்கள்.

அடுத்த ஸ்டேஷன் ஒலிவத் தோப்புக்கு நடுவில் ஒரு தகரக் கொட்டகை. எதிர்ரயிலுக்காக வண்டி நின்றது. பந்தலேயோ தன் கழுத்து மஞ்சளைப் பார்த்தான். வெளியே ஒரு ஆடு அவனைப் பார்த்தது. அது இரும்பைத் தொடவில்லை. மஃப்ளரைக் கழற்றி ஸீட்டில் வைத்துவிட்டு இறங்கி, தோப்பு வழியாக ஊரைப் பார்த்து நடந்தான்.

மைதானத்துக்குள் போக வழியில்லை, வாசலில் நிற்கிறவனுக்கே அவனைத் தெரியும். ஆனால் எங்கள் ஊரில் மைதானமும் கல்லறைத் தோட்டமும் ஒட்டிக்கொண்டிருக்கும். நடுவில் ஒரே சுவர். கழுதைகளின் ஆட்டத்தைப் பார்த்துச் செத்தவர்களைத் தூர எடுத்துப்போக வேண்டாமே என்று கட்டினார்கள் போல. சாவி அவன் இடுப்பிலேயே இருந்தது. இரும்பு ஏணியைத் தள்ளிவந்து, ஐந்தாம் அடுக்கில் கிடந்த ஒரு நோட்டரி ஐயாவின் பலகைக்குப் பக்கத்தில் கால் வைத்து, அலமாரியின் கூரைமேல் ஏறிக் குப்புறப் படுத்தான்.

பாதி மைதானம் தெரிந்தது. மீதிப் பாதியை முதலாளி தன் பெயர் எழுதி மாட்டியிருந்த மெத்தை விளம்பரப் பலகை மறைத்தது. தெரிந்ததென்னவோ ஒரு கோல்கம்பமும், உப்பில் வெந்த தரையும்தான். அவனுக்குச் சொர்க்கத்தில் பாதி போதும்.

முதலில் விரல் இடுக்கு வழியாகத்தான் பார்த்தான். முழுக்கண்ணால் பார்த்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். முதல் பாதியில் கழுதைகள் மறைந்த பக்கம் அடித்தன. அவனுக்குத் தெரிந்தது எங்கள் கோல்கீப்பர் மட்டும். திடீரென்று அவன் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளிக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தான். ஓகோ, நாம் கோல் போட்டிருக்கிறோம். நாக்கு நுனிக்கு அந்த வார்த்தை ஓடி வந்தது. பந்தலேயோ கையிலிருந்த ரொட்டியை முழுசாக வாய்க்குள் திணித்தான்.

இரண்டாம் பாதியில் பக்கம் மாறியது. இப்போது நெட்டையன் லௌரிட்ஸ் தெரிந்தான். கொஞ்ச நேரத்தில் அவன் இரண்டு கையையும் தலையில் வைத்து உட்கார்ந்துவிட்டான். ஓகோ, அந்தப் பக்கம் நமக்கு விழுந்துவிட்டது. ஒன்றுக்கு ஒன்று. ரொட்டியை முழுங்கியும் பலனில்லை. ரேடியோ, வல்லேகோர்த்தா இரண்டு கோல் பின்னால் என்றது. அவன் அங்கே இல்லவே இல்லை, அவர்கள் பாட்டுக்குத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். பந்தலேயோ விரலை எடுத்துவிட்டு முழுக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தது அப்போதுதான்.

கடைசி நேரத்தில் நெட்டையன் தன் காலே தடுக்கி விழுந்தான். ரெஃப்ரீக்கு வீட்டுக்குப் போகிற அவசரம் போல. பெனால்டி கொடுத்துவிட்டார். அடிக்க வேண்டியது நெட்டையன்.

மைதானத்தில் பதினோராயிரம் பேர் இருந்தார்கள். பதினோராயிரம் பேரும் எழுந்து முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்கள். பார்த்தால் பந்து உள்ளே போகாது என்பது நம்பிக்கை. சாவேரியா சிவப்புக் கொம்பைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். வழுக்கைக் கோச் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். முதலாளி கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். எங்கள் ஆட்டக்காரர்களும் புல் இல்லாத தரையில் நெற்றியை வைத்துப் படுத்துவிட்டார்கள். ஒரு வருஷம் முழுக்க எதற்காக அழுதார்களோ, அந்த ஒரு நிமிஷத்தைப் பார்க்க ஊரில் ஒரு கண் இல்லை. நோட்டரி ஐயாவின் தலைமேல் படுத்திருந்த இரண்டு கண்ணைத் தவிர.

பந்தலேயோ முழங்கால் போட்டு எழுந்தான். இனிமேல் இந்த வழக்கு ஊருக்கும் அவனுக்கும் இல்லை, அவனுக்கும் அவன் நாக்குக்கும். நெட்டையன் ஓட ஆரம்பித்ததும், பந்தைத் தொடுவதற்கு முன்னாலேயே, நோட்டரி ஐயாவுக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு வாய்விட்டுச் சொன்னான்.

"ஜெயிச்சாச்சு!"

நெட்டையன் அடித்த அடிக்குப் பந்துக்கே வலித்திருக்காது. அது உருண்டு போய் இடது கம்பத்தில் இடித்து, தாவி விழுந்து கிடந்த எதிரணிக் கோல்கீப்பரின் பின்னந்தலையில் பட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே உள்ளே போனது.

பொழுது சாய்கிற நேரம் ஊரே ஸ்டேஷனில் நின்றது. நெட்டையனைத் தோளில் தூக்கியிருந்தார்கள். வல்லேகோர்த்தா ரயில் வந்தது, பாண்டு முழங்கியது, எல்லாரும் இறங்கினார்கள், பந்தலேயோ இறங்கவில்லை. அவன் பின்னால் கல்லறை ரோட்டிலிருந்து நடந்து வந்தான், முட்டியில் சுண்ணாம்போடு.

உபால்தோ முதலாளி தூரத்திலிருந்தே கையை விரித்தார். "வாடா என் தங்கமே! வல்லேகோர்த்தாவ முடிச்சிட்ட! ஊர் முன்னாடி சொல்றேன், அடுத்த வருஷம் எல்லா ஞாயிறும் உன்ன வெளியூர் அனுப்பறோம். சாகற வரைக்கும் இந்த வேலை உனக்குத்தான்!"

ஊர் கைதட்டியது. பந்தலேயோ இப்போது வாயை மூடினால், தன் படியை மறுபடி பார்க்கப்போவதில்லை.

"நான் வல்லேகோர்த்தா போகவேயில்ல, முதலாளி. இங்கதான் இருந்தேன். கல்லறை மேலேருந்து ஆட்டத்தப் பாத்தேன்."

டிரம்ஸ்காரன் குச்சியைக் கீழே போட்டான்.

"பொய்!" என்றாள் சாவேரியா.

"சரி. அந்தப் பெனால்டி எப்படிப் போச்சுன்னு நீங்க யாராவது சொல்லுங்க."

ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தன், "மேல் மூலைல, ராக்கெட் மாதிரி" என்றான். இன்னொருத்தன், "வலை கிழிஞ்சிருச்சு" என்றான்.

"இடது கம்பம். அப்புறம் அவனுங்க கீப்பர் மண்டை. அப்புறம் உள்ள. நொண்டிப் பூனை மாதிரிப் போச்சு. உங்க முதுகுல கண்ணு இல்ல, நான் பாத்தேன். அடிக்கிறதுக்கு முன்னாடியே ஜெயிச்சாச்சுன்னும் சொன்னேன். ஏன்யா நெட்டை, நான் சொல்றது சரிதானா?"

தோள்மேல் இருந்த நெட்டையன் பாவம், பொய் சொல்லுகிற அளவுக்கு எங்கள் பாஷை தெரியாதவன். "சரி. மண்டை," என்றான்.

இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? கரிநாக்கு பொய் என்று ஒரு மாட்டுக்குக்கூட விளங்கியிருக்கும். ஊர் யோசித்தது. யோசிப்பது எங்கள் ஊருக்கு எப்போதும் கெடுதல்.

"அப்படின்னா நமக்கு விழுந்த அந்த ஒரு கோல்," என்றாள் சாவேரியா மெதுவாக, "அது உன்னாலதான்!"

"கம்பத்துல பட்டதும் இவனாலதான்!" என்றான் ஒருத்தன்.

"இவன் இல்லாம இருந்திருந்தா அஞ்சு போட்டிருப்போம்!"

"கல்லறை மேல ஏறி நின்னு கொல்லப் பாத்திருக்கான்யா!"

பந்தலேயோ அவர்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தான். இவர்களிடம் நிரூபிக்க ஒன்றும் இல்லை என்று அவனுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அவன் சிரித்தான். அவன் சிரித்ததும் நாலு பேர் சாவியைப் பிடித்தார்கள்.

"சரிங்க. நான் கரிநாக்குதான். ஒத்துக்கறேன். நாளைக்குக் காலையிலேருந்து அக்கா பார் வாசல்ல நாற்காலி போட்டு உக்காரப்போறேன். போறவன் வர்றவன் எல்லார்கிட்டயும் நல்ல வார்த்தை சொல்லப்போறேன். அடுத்த வருஷம் கோப்பை நமக்குத்தான்..."

"ஐயோ!"

ஸ்டேஷன் முழுக்க இரும்புக்கு ஓடியது. தண்டவாளத்தில் பத்துப் பேர் படுத்துப் பிடித்தார்கள். வாத்தியக்காரர்கள் ட்ரம்பெட்டைப் பிடித்தார்கள். அது பித்தளை, ஆனால் அவசரத்துக்கு அதுவும் இரும்பு.

"நெட்டையன் முப்பது கோல் போடுவான்..."

"வேணாம்டா!"

"முதலாளி கம்பெனி அமோகமா ஓடும், அவருக்கு நூறு வயசு..."

"பாஸக் குடு சாவேரியா!" உபால்தோ முதலாளியின் குரல் கீச்சென்று வந்தது. ரயில் பெட்டியின் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தார். "குடுத்துத் தொலை!"

சாவேரியா ரவிக்கைக்குள் கையை விட்டாள். ஒரு குளிர்காலம் முழுக்க அங்கே வெந்து மடங்கிப்போன பாஸை எடுத்து நீட்டினாள். "உன் கால்ல விழறேன், உக்காந்து பாரு. வாய மட்டும் தொறக்காத."

"அது நீங்க நடந்துக்கறதப் பொறுத்து அக்கா."

அடுத்த செப்டம்பரில் பந்தலேயோ தோய்த்த திண்டோடு போனான். சிவப்புக் கொம்பைப் பிடுங்கிப் பின்னால் சாய்த்து வைத்து, அதில் கோட்டை மாட்டினான். அவனைச் சுற்றி நாலு படிக்கு யாரும் உட்காரவில்லை. காலை நீட்டினான். தும்மல் வருவதுபோல லேசாக வாயைத் திறந்தான். உடனே பின்னாலிருந்து சாவேரியா ஓடிவந்து ஒரு அடைத்த மிளகாயை உள்ளே திணித்தாள். மென்று முடித்து மறுபடி திறந்தான். வேறு யாரோ ஆக்டோபஸ் கொடுத்தார்கள். அப்புறம் ஒலிவம், அப்புறம் பாலாடைக்கட்டி. தொண்ணூறு நிமிஷமும் அவன் வாய் சும்மா இருக்காதபடி ஊர் மாறி மாறி ஊட்டியது.

முழு மைதானமும் தெரிந்தது. இரண்டு பக்கத்துக் கோல்கம்பமும் தெரிந்தன. புல் முளைத்திருந்தது. கழுதைகள் நின்றுகொண்டே தூங்கின. வாய் நிறைய மென்றுகொண்டே பந்தலேயோ பார்த்தான்: எப்பேர்ப்பட்ட கேவலமான ஆட்டம்!